அக்காவின் ஓட்டும் மூன்று நிறச் சாக்லேட்டும்

1

நான் குடியிருக்கும் நாட்டில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அங்கே ஓட்டுப் போட வரச் சொல்லி ஆட்டோ அனுப்புகிறார்கள், பொட்டலம் கொடுக்கிறார்கள், வாசலில் நின்று கும்பிடுகிறார்கள். இங்கே ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான்.

மெல்போர்னில் குடியுரிமை வாங்கிய புதிதில் ஒரு தேர்தலன்று அசந்து தூங்கிவிட்டேன். சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஏன் வாக்களிக்கவில்லை, தக்க காரணம் இருந்தால் எழுதவும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். நானும் மரியாதையாக, நிற்கிறவர்களில் யாரையும் பிடிக்கவில்லை என்று எழுதினேன். அது தக்க காரணம் இல்லை என்று இன்னும் மரியாதையாகப் பதில் வந்தது. அபராதத்தைக் கட்டினேன். அன்றிலிருந்து ஜுரமானாலும் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன். என் தேசபக்தி அப்படி வளர்ந்ததுதான்.

போன சனிக்கிழமை மாநிலத் தேர்தல். வாக்குச்சாவடி என் மகள் யாழினி படிக்கும் பள்ளிக்கூடம். தேர்தலன்று வாசலில் அடுப்பு மூட்டி, சாசேஜ் என்கிற இறைச்சிக் குழலைச் சுட்டு, ரொட்டியில் வைத்து விற்பது இங்கே பழக்கம். வருமானம் பள்ளிக்கு. யாழினி அங்கே வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் வெங்காயம் நறுக்கச் சொன்னால் கண் எரிகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குப் பேசுவாள். பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். நான் ஆங்கிலத்தில் கேட்டால் தோழிகள் எதிரில் அப்படிப் பேச வேண்டாம் என்று தமிழில் கெஞ்சுவாள். தமிழ் அவள் வாயில் வருவது அப்போது மட்டும்தான்.

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அட்டையும் பேனாவுமாக ஒரு பெண் வழிமறித்தாள். கல்லூரி மாணவி போலிருந்தாள். யாருக்குப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள், சொல்ல விருப்பமா என்று கேட்டாள்.

சொன்னால் சிரிப்பீர்கள். என் வாயில் தயாராக வந்து நின்ற பதில், "உங்களுக்குத்தாம்மா." அதை விழுங்கிக்கொண்டு திருதிருவென்று நின்றேன். இதே கேள்வியோடு நான் ஒரு நாள் முழுக்க ஊரில் உட்கார்ந்திருக்கிறேன். அன்று பட்ட பாடு அப்படியே கண் முன்னால் வந்தது.

2

அது 2006, உள்ளாட்சித் தேர்தல். நான் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். என் அக்கா மங்கையைக் கட்டிக் கொடுத்தது மேல்பட்டாம்பாக்கத்தில். மாமாவுக்கு அங்கே உரக்கடை.

மாமாவுக்கு வெகு காலமாக ஒரே ஆசை. பேரூராட்சியில் கவுன்சிலர் ஆக வேண்டும். கல்யாணம், காதுகுத்து, சாவு எதையும் விடமாட்டார், எல்லாவற்றிலும் முன்வரிசையில் இருப்பார். கடைசியில் நிற்கலாம் என்று வெள்ளைச் சட்டை தைத்து வைத்த நேரத்தில் அவர் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவைக் கூப்பிட்டு, நீ நில்லு என்றார்.

சுவரொட்டி அச்சாகி வந்தது. அதில் மாமா ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வலது மூலையில், பாஸ்போர்ட் படம் அளவில், அக்கா.

"வேட்பாளர் யாரு மாமா?" என்று கேட்டேன்.

"ஏன் மச்சான், பேரு பெருசா போட்டிருக்குதே."

பெயர் பெரிதாகத்தான் இருந்தது. அதிலும் பாதி அவர் பெயர்.

ஆனால் அந்தத் தெருப் பெண்களுக்கு அக்காவைத் தெரியும். முந்தின வருஷம் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்து வந்திருக்கிறது. பேரூராட்சியில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். அங்கிருந்து ஒருவர் பார்வையிட வந்தார், மோந்து பார்த்துவிட்டு நல்லாத்தானே இருக்கு என்றார். அக்கா அவரை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, பக்குவமாகக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் பாதி குடித்த பிறகு, "கொழாத் தண்ணிலதான் போட்டேன், நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள். மறுநாளே குழாயைத் தோண்டினார்கள். அன்றிலிருந்து அக்காவுக்கு அந்தத் தெருவில் 'காப்பிக்கார அக்கா' என்று பெயர்.

மாமா இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவருக்குச் சாக்கடைத் தண்ணீர் கொடுத்தது குடும்பத்துக்குக் கேவலம் என்பது அவர் கட்சி.

3

தேர்தலுக்கு முதல் நாள் மாலை, தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்த அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நீ அங்க ஜனங்கள கேள்வி கேக்கற வேலதான பாக்குற?"

ஆமாம், அதுதான் என் பிழைப்பு. போனில் கூப்பிட்டு, என்ன சோப்பு போடுகிறீர்கள், ஏன் அதைப் போடுகிறீர்கள் என்று கேட்கும் கம்பெனியில் வேலை. பாதிப் பேர் திட்டுவார்கள். மீதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். அம்மா சம்பந்திகளிடம் என்னை 'ஆராய்ச்சியில இருக்கான்' என்று சொல்லி வைத்திருந்தாள்.

"நாளைக்கு ஓட்டு போட்டுட்டு வர்றவங்கள ஒண்ணு கேட்டு சொல்லுடா."

"யாருக்குப் போட்டீங்கன்னா?"

"அது எண்ணுறப்ப தெரிஞ்சிடும். எனக்குப் போட்டவுங்க எனக்காகப் போட்டாங்களா, உங்க மாமாவுக்காகப் போட்டாங்களா? அது மட்டும் தெரியணும்."

"தெரிஞ்சி?"

"அவருக்காகன்னா, அவரே போயி மீட்டிங்ல உக்காந்துக்கட்டும். நான் கையெழுத்த போட்டு குடுத்துட்டு வூட்ட பாக்கறேன். எனக்காகன்னா நான்தான் உக்காருவேன். அவரு தடுத்தாலும் சரி." கிரைண்டரை மறுபடி போடக் கையை வைத்தவள், "பொய்க் கணக்கு சொல்லாதடா. எனக்கு அது ஆவாது," என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் என் தொழிலை நம்பிக் கேட்டதில்லை. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் போனது.

4

காலையில் மழைத் தூறல். தொடக்கப் பள்ளிதான் சாவடி. போலீஸ் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால், சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு அங்கே ஓட்டு கிடையாது. ஆகவே நான் நடுநிலை என்று நானே முடிவு செய்துகொண்டேன். முதலில் வந்தவரிடம் எழுந்து நின்று, மன்னிக்கவும், ஒரு நிமிடம், நன்றி என்று ஆரம்பித்தேன்.

"என்னா மச்சான், எதுக்கு மன்னிப்பு?" என்று அவர் பதறிப்போனார். "உங்களுக்குத்தான் போட்டேன்."

அடுத்தவரும் உங்களுக்குத்தான். அதற்கடுத்தவரும் உங்களுக்குத்தான். பக்கத்து வார்டிலிருந்து பால் வாங்க வந்தவர்கூட உங்களுக்குத்தான் என்று விரலைக் காட்டினார். எதிர்த்து நின்ற செல்வி அம்மாளின் ஏஜென்ட் டீ குடிக்க வந்தவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வெளிய சொல்லாதீங்க மச்சான், நானே உங்களுக்குத்தான்," என்றார். செல்வி அம்மாள் ரைஸ்மில்காரர் சம்சாரம். அந்தச் சுவரொட்டியிலும் ரைஸ்மில்காரர்தான் ஆளுயரம்.

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே யாரும் யாரையும் நோகடிக்கமாட்டார்கள். அந்த மண்ணில் பிறந்த எனக்கே இது மறந்துபோயிருந்தது. வேட்பாளரின் தம்பி கேட்டால் வேறு பதில் எப்படி வரும்? மெல்போர்னில் கேள்வி கேட்டால் திட்டுவார்கள். அந்தத் திட்டில் ஓர் உண்மை இருக்கும்.

வாயைத் திறக்காமல் பதில் சொல்ல வழி வேண்டும் என்று யோசித்தபோதுதான் சாக்லேட் ஞாபகம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் துணியில்லாமல் வரலாம், சாக்லேட் இல்லாமல் வரக்கூடாது. கொண்டுபோனதில் மூன்று பெரிய பை மிச்சம், அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் மீன்குழம்புக்குப் பக்கத்தில் இருந்தன. சிவப்புக் காகிதம், நீலக் காகிதம், பச்சைக் காகிதம். மூன்றையும் கொண்டுவந்து பெஞ்சில் பரப்பி, ஓர் அட்டையில் கொட்டையாக எழுதி வைத்தேன்:

அக்காவுக்காகப் போட்டவர்கள் சிவப்பு. மாமாவுக்காகப் போட்டவர்கள் நீலம். மற்றவருக்குப் போட்டவர்கள் பச்சை. ஒன்று மட்டும் எடுக்கவும்.

எடுக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன் என்றும் சொன்னேன். ரகசிய வாக்கெடுப்பு. எங்கள் கம்பெனியில் இதற்கு எனக்குப் பதவி உயர்வே கொடுத்திருக்க வேண்டும்.

5

கூட்டம் வர ஆரம்பித்தது. அதுவரை ஓட்டுப் போட்டவுடன் வீட்டுக்கு ஓடியவர்கள் எல்லாம் இப்போது சைக்கிள் கடைக்கு வந்தார்கள். சாவடி வரிசையைவிட என் வரிசை நீண்டது. விரலில் மை இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுத்தேன். தொழில் சுத்தம்.

எதையும் எடுக்காதவர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் நடுவயசுப் பெண்கள். "எனக்கு சுகர்ப்பா, வேணாம்," என்று கையை ஆட்டிவிட்டு, போகிற போக்கில், "உங்க அக்காகிட்ட சொல்லு, அந்தக் காப்பிக்குத்தான் போட்டேன்னு," என்றார்கள். ஒருத்தி காப்பி என்றாள். இன்னொருத்தி, கொழாயிக்கு என்றாள். ஒரு வேதக்கார அம்மா மாதா கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலையில் வந்து, "எங்க வூட்லயும் அதே தண்ணிதான வந்துச்சி, அவதான கேட்டா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஆபீசில் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஓர் எண் இருக்கிறது. கொடுத்த பதில்களில் எதையும் தேர்ந்தெடுக்காமல் தன் கதையைச் சொல்பவர்கள் 99. அவர்களைக் கணக்கில் சேர்க்கமாட்டோம். நானும் சேர்க்கவில்லை. அவர்கள் நகர்ந்தால்தானே அடுத்தவர் வர முடியும்?

மத்தியானம் ஒரு கான்ஸ்டபிள் வந்தார்.

"கம்ப்ளெயின்ட் வந்திருக்குது சார். ஓட்டுக்கு ஃபாரின் சாக்லேட் குடுக்குறதா."

"போட்டுட்டு வர்றவங்களுக்குத்தான் சார் குடுக்கிறேன். போடப் போறவங்களுக்கு இல்ல."

"வாங்குனவுங்க வூட்டுக்குப் போயி மத்தவங்ககிட்ட சொல்ல மாட்டாங்களா, உங்க அக்காவுக்குப் போட்டா சாக்லேட்டுன்னு?"

"யாருக்குப் போட்டாலும் சாக்லேட்தான் சார். கலர்தான் வேற."

அவர் அட்டையை இரண்டு தரம் படித்தார். அவர் சர்வீசில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை என்று முகத்தில் தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதுல பாதாம் எதுல?"

"நீலத்துல."

"சாட்சிக்கு ஒண்ணு எடுத்துக்கறேன்," என்று நீலத்தில் ஒன்று எடுத்துக்கொண்டார். சாட்சியைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த புளியமரத்தடிக்குத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் ரைஸ்மில்காரரே நேரில் வந்தார். லஞ்சம் என்று சண்டை போடுவார் என்று பயந்தேன். அவர் பிரச்சினை வேறு. கையில் பாதி கடித்த பச்சைச் சாக்லேட்.

"நியாயமா கேக்கறேன் மச்சான். உங்க பக்கத்துக்கு நல்ல மிட்டாயி, எங்க பக்கத்துக்கு மட்டும் பல்லு வெளக்குற பேஸ்ட்டா? எங்க சனம் ஒவ்வொண்ணா துப்பிட்டு வருது."

பச்சையில் புதினா. அது இங்கே உயர்ந்த சரக்கு, விலையும் ஜாஸ்தி என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

6

சாவடி மூடியதும் பைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் மாமா ஆட்களோடு காத்திருந்தார். அக்கா சமையலறை வாசலில் நின்றாள். நீலப் பை வழித்துத் துடைத்தது போல் காலி. சிவப்பில் பாதி மிச்சம். பச்சையில் கடித்துத் துப்பிய நாலைந்து போக மீதி அப்படியே.

"அப்பிடின்னா?" என்றார் மாமா.

"எதிர்ப்பக்கத்துக்கு ஓட்டே இல்ல மாமா. நமக்கு விழுந்ததுல மூணுல ரெண்டு பங்கு உங்களுக்காக."

மாமா அடக்கமாக இருக்க முயன்றார். முடியவில்லை. யாரையோ கூப்பிட்டு, திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் ஆளுயர மாலைக்குச் சொல்லி வைக்கச் சொன்னார். ஒரே மாலையா, ரெண்டா என்று அந்த ஆள் கேட்டதற்கு, மாமா ஒண்ணு போதும் என்றார். சிதம்பரத்தில் இருக்கும் தன் அண்ணனுக்கும் போன் போட்டு, "சனம் நம்ம மேல வெச்சிருக்கற பிரியத்த இன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்," என்று தழுதழுத்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நல்லா எண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"சரி." அவள் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். கழுவி வைத்த பாத்திரங்களையே எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட ஒரே ஒரு வேலை. அதைச் செய்து, அவள் ஆசையில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் போலிருந்தது.

அப்போதுதான் மாமா ஆசையாக ஒரு சாக்லேட் எடுத்து வாயில் போட்டார். கைக்கு வந்தது சிவப்பு.

"என்னா மச்சான் இது, இதுல பாதாமே இல்ல?"

"பாதாம் நீலத்துலதான் மாமா."

"அதான பாத்தேன். காலையில நீலம் சாப்ட்டேன், நல்லா இருந்துச்சி. தெருவே அதத்தான் கேட்டுச்சாம். பல்லு இல்லாத கெழவிங்கதான் செவப்பு எடுத்தாங்களாம்."

தான் சொன்னது என்ன என்று அவருக்கே அப்போதுதான் எட்டியது. மாமாவின் முகத்தில் வெளிச்சம் மெல்ல மங்கியதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"ஏன்டா, ஆராய்ச்சி! பாதாம் புடிச்சவன் யாரு, பல்லு இல்லாதவன் யாருன்னா நான் கேட்டேன்?"

காலியான நீலப் பையை மடிக்க ஆரம்பித்தேன்.

"சாக்லேட்டே வேணாம்னு போனவங்க யாராச்சும் உண்டா?"

"உண்டு. சுகர் இருக்கறவங்க. அவுங்கள நான் கணக்குல எடுக்கல. கேட்டதுக்குப் பதில் சொல்லாம, காப்பிக்குப் போட்டேன், கொழாயிக்குப் போட்டேன்னு ஏதோ சொல்லிட்டுப் போனாங்க."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. அக்கா என் எதிரில் வந்து நின்றாள்.

"எத்தினி பேரு?"

"எண்ணலக்கா. நெறைய பேரு. சாயந்தரம் வரைக்கும் வந்துக்கிட்டே இருந்தாங்க."

முந்தானையால் கையைத் துடைத்தாள். அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நல்ல குட்டு. இன்றைக்கும் மழை நாளில் அந்த இடம் தெரியும் என்று யாழினியிடம் சொல்லுவேன்.

7

அக்கா ஜெயித்தாள். எதிர்ப்பக்கத்துக்கு ஓட்டே இல்லை என்று நான் சொன்னது எப்படியோ ரைஸ்மில்காரர் காதுக்குப் போய், அவர் அதை மறக்கவில்லை. உண்மையில் அக்கா கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில்தான் தப்பினாள். மாலை ஒன்றுதான் வந்திருந்தது. மாமா அதைக் கையில் வாங்கி, இரண்டு நிமிஷம் வைத்திருந்துவிட்டு, அக்கா கழுத்தில் போட்டார். அந்த ஒரு விஷயத்துக்காக அவரை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

முதல் கூட்டத்துக்கு நான் இல்லை, மெல்போர்னுக்குத் திரும்பிவிட்டேன். அக்கா போனில் சொன்னாள். மாமா அந்த வெள்ளைச் சட்டையோடு கூடவே கிளம்பியிருக்கிறார். பேரூராட்சி வாசலில் வேறு வார்டுகளில் ஜெயித்த பெண்களும் புருஷன்மார்களோடு நின்றிருக்கிறார்கள். புருஷன்மார்கள் உள்ளே போக, பெண்கள் மரத்தடியில் ஒதுங்கத் தயாராக இருந்தார்கள். அக்கா கைப்பையிலிருந்து ஒரு சிவப்புச் சாக்லேட்டை எடுத்து மாமா கையில் வைத்து, "மரத்தடில உக்காந்து இத சாப்டுக்கிட்டு இருங்க, வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாளாம்.

"கோச்சிக்கிட்டாரா?" என்றேன்.

"கோவம்லாம் இல்ல. நீலமா இருந்தா பரவால்லியேன்னாரு."

8

அந்தப் பெண் இன்னும் என் எதிரில் அட்டையோடு காத்திருந்தாள். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். எங்கள் தெரு பஸ்ஸை நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தபோது, தேர்தலில் நிற்கிறவர்களில் ஒருத்தி எங்களோடு ஒரு காலை முழுக்க பஸ் ஸ்டாப்பில் மழையில் நின்றாள். குடையைக்கூட ஒரு கிழவருக்குக் கொடுத்துவிட்டாள். அவளுக்குத்தான் போட்டேன். கட்சி, கொள்கை, வரி எதுவும் எனக்குத் தெரியாது.

கேள்வி கேட்ட பெண் தன் தாளில் மேலிருந்து கீழே தேடினாள். பொருளாதாரம், கல்வி, மருத்துவம் எதிலும் பேனா நிற்கவில்லை. கடைசிக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு நன்றி சொன்னாள். அது 99 என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

யாழினி வெங்காய வாசனையோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவளிடம் அக்காவுக்குப் போன் போடப் போகிறேன் என்றேன்.

"காப்பி அத்தைக்கா?" என்றாள், தமிழில், தோழிகள் எதிரிலேயே.

இப்போதும் கவுன்சிலராக இருக்கும் அக்கா அப்போதுதான் மீட்டிங் முடிந்து வந்திருந்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு மிட்டாயி எதாச்சும் குடுத்துச்சா?"

"இல்லக்கா."

"அப்ப நீ சொன்னது உண்மையாத்தான் இருக்கும்," என்றாள்.